பாட்டுக்கேற்ற வெட்டு

கேள்வி: ஊடகவியல் மாணவர் பாடல் காட்சித் தொகுப்பை எங்கிருந்து கற்கத் தொடங்கலாம்?
– வாசகர், எடப்பாடி

பதில்: பாடல் தொகுப்புக்கு அடிப்படை தாளக் கணக்கு. நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டு அரை விநாடி. விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால், 12 ஃபிரேம். முதலில் டைம்லைனில் தட்டுதோறும் மார்க்கர் இட்டு, வாயசைப்பை ஒலியோடு பொருத்த வேண்டும். எல்லா வெட்டும் தட்டிலேயே விழுந்தால் சலிப்புத் தட்டும். அதனால் சில வெட்டுகளை அசைவின் நடுவே வைக்கலாம்: கை உயரும்போது பாதியில் வெட்டி, அடுத்த ஷாட்டில் அதே அசைவைத் தொடர்ந்தால் ஒட்டுப்போட்டது தெரியாது. பயிற்சிக்கு எடப்பாடி விசைத்தறியைப் படம்பிடித்துத் தொகுத்தாலே போதும். அதன் சத்தமே தாளம். ‘காதலன்’ (1994) பாடல்களை ஒலியை அணைத்துப் பார்ப்பதும் நல்ல பாடம். அப்படத்தின் தொகுப்புக்காக பி.லெனினும் வி.டி.விஜயனும் தேசிய விருது பெற்றனர். மென்பொருளுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு உண்டு. முறையாகப் படிக்க, சென்னை தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் படத்தொகுப்புப் பிரிவு இருக்கிறது.