சொன்னதைத் திருப்பிச் சொல்லு!



எங்க அம்மா என்னைக் கடைக்கு அனுப்பும்போது, "என்ன வாங்கணும்? திருப்பிச் சொல்லு பார்ப்போம்" என்பார்கள். "அரைக் கிலோ உளுந்து, கால் கிலோ கடலைப் பருப்பு" என்று ஒப்பித்த பிறகுதான் காசு கைக்கு வரும். எனக்குக் கோபமா வரும். ஆனால் விமானம் ஓட்டுகிறவர்களும் இப்படித்தான் ஒப்பிக்க வேண்டுமாம்! அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

விமான நிலையத்தில் உயரமாக ஒரு கண்ணாடிக் கோபுரம் இருக்கும். அங்கே இருப்பவர்கள் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள். எந்த விமானம் எப்போ ஓடுபாதைக்குள் வரலாம், எப்போ கிளம்பலாம், எப்போ இறங்கலாம் என்று ரேடியோவில் சொல்வது இவர்கள் வேலை. பெரிய விமானத்துக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் சொந்தமாகச் சின்ன விமானம் வைத்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. செஸ்னா 172 என்று ஒரு விமானம், அதில் நாலே பேர்தான் உட்காரலாம். கோபுரம் உள்ள நிலையத்துக்கு வந்தால் அவர்களும் கேட்டுத்தான் நடக்கணும்.

முதல் தடவை கூப்பிடும்போது நாலு விஷயம் சொல்லணும். யாரைக் கூப்பிடுகிறேன், நான் யார், எங்கே இருக்கிறேன், எனக்கு என்ன வேண்டும். கதை பேசக் கூடாது. ஒரே அலைவரிசையில் எல்லா விமானியும் இருப்பார்கள். ரெண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் 'கீ'ன்னு சத்தம்தான் கேட்கும். பழகுகிறவர்கள் "மாணவ விமானி" என்று சேர்த்துச் சொன்னால் கட்டுப்பாட்டாளர் மெதுவாகப் பேசுவார். (நம்ம கணக்கு வகுப்புக்கும் இந்த வசதி இருந்தால் நல்லா இருக்கும்!)

பி, டி என்ற எழுத்துகள் ஒரே மாதிரி கேட்கும் என்பதால் பிராவோ, டெல்டா என்பார்கள். ஒன்பதை 'நைனர்' என்பார்கள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். "ஓடுபாதை 27க்கு முன்னால் நில்" என்று கோபுரம் சொன்னால், விமானி தன் விமானத்தின் பெயரோடு அதை அப்படியே திருப்பிச் சொல்லணும். (27 என்றால் திசைகாட்டியில் 270 டிகிரி, அதாவது மேற்கு. கடைசி சைபரை விட்டுவிடுவார்கள்.) சினிமாவில் வர்ற மாதிரி "ரோஜர்" என்று மட்டும் சொன்னால் போதாது. ரோஜர் என்றால் 'நீங்க பேசினது முழுசா கேட்டுச்சு' என்றுதான் அர்த்தம். சரியாகக் கேட்டதா, தப்பாகக் கேட்டதா என்று கோபுரத்துக்கு எப்படித் தெரியும்?

தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நாள் உண்டு. 1977 மார்ச் 27. ஸ்பெயின் நாட்டின் டெனெரீஃப் தீவு. பயங்கர மூடுபனி. கோபுரத்தில் இருந்தவர்களுக்கு விமானமே தெரியவில்லை. ஓடுபாதையின் ஒரு முனையில் கேஎல்எம் ஜம்போ விமானம் கிளம்பத் தயாராக நின்றது. அதே பாதையில் பான் ஆம் ஜம்போ இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. கிளம்பிய பிறகு எந்த வழியில் போகணும் என்று மட்டும்தான் கோபுரம் கேஎல்எம்முக்குச் சொன்னது. ஆனால் அந்தப் பேச்சில் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லும் வந்துவிட்டது. அவர்கள் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, "இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை சேர்த்தார்கள். தயாராக நிற்கிறார்கள் என்று கோபுரம் நினைத்தது. உண்மையில் விமானம் ஓட ஆரம்பித்துவிட்டது! கோபுரம் "ஓகே" என்றது. பிறகு "காத்திருங்கள், கூப்பிடுகிறேன்" என்றது. அதே நொடியில் பான் ஆம் விமானியும் "நாங்க இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கோம்" என்று கத்த, ரெண்டும் மோதி 'கீ'ன்னு ஆகிவிட்டது. கேஎல்எம்முக்கு 'ஓகே' மட்டும்தான் தெளிவாகக் கேட்டது.

583 பேர் இறந்தார்கள். கேஎல்எம் விமானத்தில் இருந்த 248 பேரில் ஒருத்தர்கூடப் பிழைக்கவில்லை. அதன் கேப்டன் புதுசு இல்லை, மற்ற விமானிகளுக்கு ஜம்போ ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். படிக்கும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு பேச்சு முறையையே மாற்றினார்கள். கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும், கொடுத்த அனுமதியை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் கோபுரம் 'டேக்-ஆஃப்' என்று சொல்லும். மற்ற நேரத்தில் 'டிபார்ச்சர்' என்ற சொல்தான். நாலு பேர் உட்காரும் செஸ்னாவிடம் பேசும்போதும் அப்படித்தான்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி