ஜாக்ஃப்ரூட்டில் இருக்கும் ஜாக் யாரு?

ஆளே இல்லை, நண்பர்களே! அது நம்ம ஊர்ச் சொல். இரணியல் பக்கம் பலாப்பழத்தைச் சக்கைன்னுதான் சொல்வோம், மலையாளத்தில் சக்க. கேரளக் கரைக்கு வந்த போர்த்துகீசியர் அதை 'ஜாக்கா' ஆக்கினார்கள். அதுவே ஆங்கிலத்தில் 'ஜாக்' ஆனது. போர்த்துகீசியம் பேசும் பிரேசிலில் இன்றும் பலாவுக்குப் பெயர் ஜாக்காதான்!

இதேபோல மலையாளத்தின் கயர் ஆங்கிலத்தில் 'காயர்'; தமிழின் கட்டுமரம் 'கேட்டமரான்'.

சரி, தமிழ் பேசும் இரணியலுக்குச் சக்கை எப்படி வந்தது? இரணியல் இருக்கும் கல்குளம் தாலுகா 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதுவரை தமிழும் மலையாளமும் பக்கத்துப் பக்கத்து வீடு. எல்லைக்கோடு ஒரே நாளில் மாறலாம்; நாக்கு மாறாது. அதனால்தான் நமக்குக் குடிக்கிற தண்ணி இன்னும் 'வெள்ளம்'.

வெளியூர் ஹாஸ்டலில் 'வெள்ளம் தா'ன்னு கேட்டால் சிரிக்கத்தான் செய்வாங்க. அதுக்குப் பயந்து நம்மில் பலர் முதல் செமஸ்டரிலேயே ஊர்ப்பேச்சை விட்டுடறோம். விடாதீங்க. பிரேசில் வரை போன சொல் ஹாஸ்டல் மெஸ்ஸுக்குள்ள வரக்கூடாதா என்ன?