தோளில் நிற்கும் தையல்

அன்பு மருமகளுக்கு,

ஜனவரியில் புத்தகக் காட்சி நடக்கும்போது தோழிகளோடு சென்னைக்குப் போகிறாய் என்றும், ஒரு வாரம் தங்கப் போகிறாய் என்றும், துணிமணிக்கென்று 3,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறாய் என்றும் அண்ணன் சொன்னார். இந்த வாரமே தென்காசிக்குப் போய் நான்கு குர்த்தி எடுக்கப் போகிறாயாமே. போவதற்கு முன் இதைப் படித்துவிடு. போனில் பேசினால் பாதி மறந்துபோகும். எழுதி வைத்தால் பெட்டி அடுக்கும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பணத்தில் புதுக் குர்த்திக்கென்று இப்போது ஒரு ரூபாயும் செலவழிக்காதே. பீரோவில் இருப்பதை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டு, அதை உன் உடம்புக்குச் சரியாக்கும் வேலையை முதலில் பார். சங்கரன்கோவிலில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவள் சொல்கிறேன்: ஒரு பெண் பாந்தமாக உடுத்தியிருக்கிறாள் என்று நம் கண்ணுக்குப் படுகிறதே, அதில் பெரும்பங்கு அளவுக்குத்தான் சேரும். 300 ரூபாய்க் குர்த்தி தோளில் சரியாக உட்கார்ந்தால் அழகாக இருக்கும். 2,000 ரூபாய்க் குர்த்தி தோளிலிருந்து நழுவிக்கொண்டிருந்தால் இரவல் வாங்கிப் போட்டதுபோலத்தான் இருக்கும்.

ரெடிமேட் துணியை மார்பளவை வைத்துத்தான் தைக்கிறார்கள். உன்னைப் போலத் தோள் குறுகிய பெண்ணுக்கு மார்பு சரியாக இருக்கும் குர்த்தியில் தோள் எப்போதும் இறங்கித்தான் இருக்கும். கண்ணாடிமுன் நின்று பார். கை தொடங்கும் தையல், தோள் எலும்பு முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். ஒரு அங்குலம் கீழே இறங்கியிருந்தாலும் அந்தக் குர்த்தியைத் தனியாக எடுத்து வை. அதற்குக் கையைப் பிரித்து, தோளை உள்ளே வாங்கி, மறுபடி கை ஏற்ற வேண்டும். வேலை கொஞ்சம் பெரிது. பக்கத் தையல் பிடிப்பதும் நீளம் மடித்து அடிப்பதும் கால் மணி நேர வேலை. கடையில் வாங்கும்போதும் இந்தக் கணக்கு உதவும்: தோளும் கழுத்தும் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், இடுப்பும் நீளமும் பிறகு. இன்னொன்று, ரெடிமேடில் உள்தையலுக்கு அரை அங்குலம்கூட விடமாட்டார்கள், ஓவர்லாக் அடித்து வெட்டிவிடுவார்கள். அதனால் பெரிதைச் சிறிதாக்கலாம், சிறிதைப் பெரிதாக்க முடியாது. இரண்டு அளவுக்கு நடுவே நிற்கிறாய் என்றால் பெரியதையே எடு. நம்மிடம் தைத்த பிளவுசில் பக்கத்துக்கு ஒரு அங்குலமாவது உள்ளே விட்டிருக்கும். அதைத்தான் வருடாவருடம் பிரித்துப் பிரித்துப் போடுகிறோம்.

கையில்லாத குர்த்திகளின் உள்ளே, வெட்டிய கைத்துணி இரண்டைச் சேர்த்து வைத்திருப்பார்களே, நீ அதை எடுத்துக் குப்பையில் போட்டிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். கொண்டுவா, முழங்கைக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி வைத்துத் தருகிறேன். ஊருக்குள் சுற்றும்போது அந்த நீளம் வெயிலுக்கும் நல்லது, பார்க்கவும் மிடுக்காக இருக்கும்.

எல்லாக் குர்த்திக்கும் வலப்பக்கத் தையலில் ஒரு பை வைத்துத் தரப்போகிறேன், கேட்காமலேயே. உள்ளங்கை முழுதாக நுழையும் அளவுக்கு, அடர்ந்த பருத்தித் துணியில். பெண்களின் உடுப்பில் பை வைக்காமல் விடுவது எனக்கு ஆறாத வருத்தம். டிக்கெட்டுக்கும் சில்லறைக்கும் போனுக்கும் ஒவ்வொரு தடவையும் தோள்பையைத் திறந்து துழாவுகிற பெண் எவ்வளவு நன்றாக உடுத்தியிருந்தாலும் பதற்றமாகத் தெரிவாள். கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடக்கிறவளுக்கு நடையிலேயே ஒரு நிதானம் வந்துவிடும். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் மட்டும் பணத்தை அதில் வைக்காதே. அங்கே ஜிப் வைத்த பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்.

இனி துணி. ஜனவரியில் சென்னைக் காலை இதமாகத்தான் இருக்கும். மதியம் 30 டிகிரியை ஒட்டிப் போகும், கடற்கரை ஊர் என்பதால் காற்றில் ஈரம் உண்டு. நந்தனம் மைதானத்தில் புத்தக அரங்குகளுக்கு நடுவே மணிக்கணக்காக நடப்பாய், பிறகு மெட்ரோ ரயிலின் குளிரில் ஏறுவாய். பாலியெஸ்டர் போட்டால் மைதானத்தில் வியர்வை உள்ளேயே நிற்கும், ரயிலில் அதே ஈரம் உடம்பில் ஒட்டிக் குளிரும். பருத்திதான் போட வேண்டும். எது பருத்தி என்று தெரியாவிட்டால் உள்தையலிலிருந்து ஒரு நூல் இழுத்து, அடுப்படியில் வைத்துத் தீக்குச்சியால் கொளுத்திப் பார். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். ரேயான் என்று இப்போது குவிந்து கிடக்கிறதே, அது மரக்கூழிலிருந்து எடுப்பது, பருத்தி மாதிரியே எரியும், விலையும் குறைவு, நன்றாக வழிந்து விழும். ஆனால் நனைந்தால் வலுவிழக்கும், சுருங்கும். ஒன்றிரண்டு இருக்கட்டும், முறுக்கிப் பிழியாமல் துவைத்துக்கொள்.

நிறங்களை நான் கொஞ்சம் கறாராகத்தான் சொல்வேன். கீழே போட இரண்டே இரண்டு: ஒன்று கருநீலம், ஒன்று சந்தன நிறம். லெக்கின்ஸ் வேண்டாம். உன்னிடம் இருப்பவை முழங்காலில் தொளதொளத்துவிட்டன, அவற்றை வீட்டுக்கு வைத்துக்கொள். உன் அம்மாவின் பழைய கருநீலப் பருத்திச் சேலை ஓரம் கிழிந்து கிடக்கிறதாமே. நடுப்பகுதி நன்றாக இருந்தால் அதில் நேர்வெட்டு பேன்ட் ஒன்று தைக்கலாம், மெலிசாக இருந்தால் உள்ளே லைனிங் கொடுத்துவிடுகிறேன். சந்தன நிறத்துக்கு மட்டும் இரண்டேகால் மீட்டர் துணி வாங்கு. இந்த இரண்டோடும் சேரும் நான்கு குர்த்திகளைப் பொறுக்கு. எட்டு விதமாக மாற்றிப் போடலாம், ஒரு வாரத்துக்கு அது தாராளம். எதனோடும் சேராத அந்த மினுமினுப்பு ரோஸ் உனக்கு மிகவும் பிடிக்கும் என்று தெரியும். அது கல்யாண வீட்டுக்கு. சென்னைக்கு அதைக் கொண்டுபோனால் அதற்கென்று தனிப் பேன்ட், தனித் துப்பட்டா, தனிச் செருப்பு என்று பெட்டி நிறைந்துவிடும்.

ஒரு சேலை அவசியம் எடுத்துக்கொள். மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலுக்குப் போய்விட்டு மாட வீதிகளைச் சுற்றி வருகிற மாலைக்கு அது வேண்டும். பட்டு வேண்டாம். நம் ஊர்த் தறியில் நெய்த பருத்திச் சேலையை நாமே மதிப்பதில்லை, வீட்டில் கட்டுவதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். அதையே கஞ்சி போட்டுத் தேய்த்து, ஃபால்ஸ் வைத்து, ஓரத்துக்குப் பீகோ அடித்து, கொசுவம் ஒரே சீராக மடித்துக் கட்டிப் பார், அதன் எடுப்பு தெரியும். உன் ஆச்சியின் மதுரைச் சுங்குடி இருந்தால் இன்னும் நல்லது. 2005-லேயே புவிசார் குறியீடு பெற்ற துணி அது. துணியைச் சின்னஞ்சிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள், முடிச்சை அவிழ்த்த இடத்தில் புள்ளி விழும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கை போட்ட முடிச்சு என்பதால் எந்த இரண்டும் அச்சாக ஒரே மாதிரி இராது. அச்சடித்த சுங்குடியில் எல்லாம் ஒரே அளவாக இருக்கும், அதுவும் கட்டத் தகுந்ததுதான். உள்பாவாடை மட்டும் சேலையின் நிறத்திலேயே இருக்க வேண்டும். மெலிசான பருத்திக்குக் கீழே வேறு நிறம் தெரிந்தால் கட்டிய அழகெல்லாம் போய்விடும். அதேபோல் வெள்ளைக் குர்த்திக்கு உள்ளே வெள்ளை உள்ளாடை பளிச்சென்று தெரியும். உன் தோலின் நிறத்தை ஒட்டியதைப் போட்டால் தெரியாது.

பணத்தை எங்கே செலவழிப்பது என்று கேட்பாய். செருப்பில். துணியில் மிச்சம் பிடிக்கலாம், காலில் கூடாது. மெரினா மணல், மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டு, பாண்டி பஜார் நடைபாதை என்று நாள் முழுக்க நடக்கப் போகிறவளுக்குக் கால் கடித்தால் முகத்தில் தெரிந்துவிடும், நொண்டி நடக்கும்போது எந்த உடுப்பும் எடுபடாது. 900 ரூபாய், 1,000 ரூபாய் ஆனாலும் பரவாயில்லை, பின்பட்டை வைத்த, அடி வளையக்கூடிய, பழுப்பு நிறச் செருப்பு ஒன்று எடு. பழுப்பு உன் இரண்டு பேன்டோடும் சேரும், சேலையோடும் சேரும். சாயங்காலமாகப் போய் வாங்கு, நடந்து நடந்து கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் அதுதான், அப்போது சரியாக இருந்தால் எப்போதும் சரியாக இருக்கும். வாங்கியதும் ஓரத்தில் சுற்றிலும் தையல் போடச் சொல்லி நம் பஸ் ஸ்டாண்டு அருகில் தைப்பவரிடம் கொடு. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே போட்டு நட. புதுச் செருப்போடு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறக் கூடாது.

புறப்படுவதற்கு முன் எல்லாவற்றையும் துவைத்து எடு. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள். இன்றைய சாயங்களை உப்பு பிடித்து நிறுத்தாது, அதை நம்பிச் சிவப்பையும் வெள்ளையையும் ஒரே வாளியில் போட்டுவிடாதே. சாயம் போகும் துணியை முதல் இரண்டு மூன்று தடவை தனியாகக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி நிழலில் காயப்போடு. தேய்க்கும்போது பருத்தியில் லேசாக ஈரம் இருக்க வேண்டும், முழுக்கக் காய்ந்ததைத் தேய்த்தால் மடிப்பு போகாது. கருநீலத்தை உள்பக்கமாகவே தேய், வெளியில் தேய்த்தால் பளபளவென்று தேய்மானம் விழும். குர்த்திகளைச் சுருட்டி அடுக்கு. சேலையை மட்டும் மடித்து எல்லாவற்றுக்கும் மேலே வை. அறுந்து தொங்கும் நூல், கழன்ற ஹூக், ஓரம் பிரிந்த துப்பட்டா, இவற்றை எல்லாம் முந்தின வாரமே பார்த்துவிடு. ஊசியும் இரண்டு நிற நூலும் ஆறு சேஃப்டி பின்னும் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக்கொள். நகையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: காதில் பெரிதாக இருந்தால் கழுத்தில் ஒன்றும் வேண்டாம்.

மிச்சமிருக்கும் பணத்தைக் கடைசி இரண்டு நாளுக்கு வைத்திரு. எழும்பூரில் பாந்தியன் சாலைக்குப் போ. அங்கேதான் 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸின் பெரிய கட்டடம் இருக்கிறது, பக்கத்திலேயே துணியை வெட்டி விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. காட்டன் ஸ்ட்ரீட் என்று கேட்டால் வழி சொல்வார்கள். ரெடிமேட் எடுக்காமல் துணியாக எடுத்து வா, தைக்க நான் இருக்கிறேன். வாங்கும் முன் பன்னா, அதாவது துணியின் அகலம், எவ்வளவு என்று கேள். 44 அங்குலப் பன்னா என்றால் உனக்குக் குர்த்திக்கு இரண்டரை மீட்டர் போதும், 36 என்றால் மூன்று மீட்டர் வேண்டும், 58 என்றால் இரண்டிலேயே முடித்துவிடலாம். கைத்தறி என்று சொல்லி விற்றால் இரண்டு கரையையும் விரித்துப் பார். தறியில் துணியை அகலமாக இழுத்துப் பிடித்ததால் விழுந்த ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தால் பெரும்பாலும் கைத்தறிதான்.

அதே சாலையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போ. வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரியைத் தேடிப் பார். ஒரே உருவத்தில் இரண்டு பக்கமும் இரண்டு விதமான உடுப்பு. ஆடையின் மடிப்பு உடம்போடு எப்படிப் போகிறது, எங்கே ஒட்டுகிறது, எங்கே விலகுகிறது என்று அந்தச் சோழர் காலத்துச் சிற்பி அறிந்திருக்கிறான். தையல் படிக்க வரும் பெண்களை எல்லாம் ஒருமுறையாவது அங்கே கூட்டிப்போக வேண்டும் என்பது என் ஆசை.

பட்டிக்காட்டுப் பெண் என்று சென்னையில் நினைப்பார்களோ என்று உனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருப்பதாக உன் அம்மா சொன்னாள். தி.நகரில் பத்து நிமிடம் நின்று பார். கல்யாணத்துக்குத் துணி எடுக்கத் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்திலிருந்தும் வந்தவர்கள்தான் அங்குள்ள தெருக்களை நிறைத்துக்கொண்டு நடப்பார்கள். யார் ஊர்க்காரர், யார் வெளியூர்க்காரர் என்று பிரித்துப் பார்க்க அங்கே யாருக்கும் நேரம் கிடையாது. துப்பட்டாவை நொடிக்கொரு தரம் இழுத்துவிட்டுக்கொள்ளும் பழக்கம் உனக்கு உண்டு. அது பயத்தில் வருவது. இரண்டு தோளிலும் பின் குத்திவிட்டு அதை மறந்துவிடு.

உன் தோழிகளும் அளவு சரிபார்க்க வரட்டும். உன்னிடம் கூலி வாங்கமாட்டேன். அவர்களுக்குப் பக்கத் தையல் பிடிக்க 50 ரூபாய், கை பிரித்துத் தோள் சரிசெய்ய 120 ரூபாய் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. குர்த்தி எல்லாவற்றையும் துவைத்து, சுருங்குவது சுருங்கிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் கொண்டுவா. சாயங்காலம் கரன்ட் போனாலும் போகும், பகல் வெளிச்சத்தில் போட்டுப் பார்த்து அளவெடுப்பதுதான் சரி. வரும்போது அம்மாவின் கருநீலச் சேலையையும் எடுத்துக்கொண்டு வா. புதுச் செருப்பை வாங்கிவிட்டாய் என்றால் அதையும் போட்டுக்கொண்டே வா, அந்த உயரத்துக்குத்தான் பேன்டின் நீளம் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் அத்தை