வாழைக்கன்றைத் தேர்தலும் சிறு குடியானவரின் கணக்கும்

நாம் உண்ணும் வாழைக்கு விதையில்லை. கன்றே அதற்கு விதை. நெல்லையும் கம்பையும் கையில் அள்ளிப் பார்த்து நல்ல விதை இன்னது, பதர் இன்னது என்று ஒருவாறு சொல்லிவிடலாம். வாழைக்கன்று அத்தகையதன்று. பார்வைக்குக் கொழுகொழுவென்றிருக்கும் கன்றின் கிழங்கினுள் கூன்வண்டின் புழு இருக்கலாம். வேரில் நூற்புழு இருக்கலாம். இவற்றினும் கொடிய வைரஸ் நோய், வெளியே ஓர் அடையாளமும் காட்டாது உள்ளே மறைந்திருக்கலாம். நோயுற்ற தாய்மரத்தின் பக்கக்கன்றுகளும் அந்நோயைத் தம்முடனே கொண்டு பிறக்கின்றன. அயலார் தோட்டத்தில் கன்று கேட்டால் இல்லையென்று சொல்வது நம் நாட்டு வழக்கமன்று. அந்த நல்வழக்கத்தின் வழியாகவே நோயும் ஊர் ஊராகப் பரவி வந்துள்ளது.

சோதனைச்சாலையில் பெருக்கிய மேலான கன்றுகளைச் சில ஊர்க் குடியானவர்கள் விரைந்து ஏற்றுக்கொள்ளுகின்றனர். வேறு சில ஊர்களில் எத்தனை எடுத்துரைத்தும் ஏற்பாரில்லை. அறியாமையே இதற்குக் காரணமென்று கூறிவிடுவது எளிது. ஆயின் ஏற்றவரும் ஏற்காதவரும் போடும் கணக்கைச் சற்றுப் பொறுமையாகக் கேட்போமாயின், அது பெரும்பாலும் சரியான கணக்காகவே இருக்கக் காணலாம். அதிக மகசூல் என்னும் ஒன்றுக்காக மட்டும் சிறு குடியானவர் கன்றை விலை கொடுத்து வாங்குவதில்லை. இலவசக் கன்றை இனி நம்புவதற்கில்லை என்னும் நிலை வந்தபோதும், ஒரே காலத்தில் வெட்டத்தக்க தார் வேண்டுமென வியாபாரி கேட்கும்போதுமே அவர் மடியை அவிழ்க்கிறார்.

முதற் காரணத்துக்கு மலைவாழையே தக்க சான்று. திண்டுக்கல் ஜில்லாவில் கீழ்ப்பழனி மலைகளிலும் சிறுமலையிலும் காப்பித் தோட்டங்களினூடே, வானம் பார்த்த நிலத்தில், விருப்பாட்சி வாழை நெடுங்காலமாகப் பயிராகி வந்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு ஏற்ற பழம் இதுவேயென்பது யாவரும் அறிந்தது. முடிக்கொத்து நோய் இம்மலைத் தோட்டங்களிற் பெரும்பகுதியைப் பாழாக்கிற்று. இந்நோய் கண்ட வாழையில் புதிய இலைகள் ஒன்றினும் ஒன்று குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். இலைக்காம்பிலும் நரம்பிலும் கரும்பச்சை நிறத்தில் புள்ளிகளும் கோடுகளும் தோன்றும். இளமையில் நோய் கண்ட மரம் குலை ஈனாது. வாழை அசுவினி இதனை மரத்திற்கு மரம் கொண்டுசெல்லுகிறது. தொலைவூர்களுக்குக் கொண்டுசெல்லுவது மனிதன் சுமந்து செல்லும் கன்றே. நோய்க்கு மருந்து கிடையாது.

இத்தகைய இடத்தில் பழைய கன்று இலவசமாயினும் அதன் விலை ஒரு வருஷத்து உழைப்பு. ஆகவே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும், திருச்சிராப்பள்ளியில் 1993ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற தேசிய வாழை ஆராய்ச்சி நிலையத்தாரும், வைரஸ் சோதனை செய்த தாய்மரங்களின் நுனிக்குருத்திலிருந்து விருப்பாட்சிக் கன்றுகளைப் பெருக்கிக் கொடுத்தபோது, மலைக் குடியானவர்கள் அவற்றை வாங்கி நட முன்வந்தனர். இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அவர்களுக்கு வேறு ஜாதி வாழை கொடுக்கப்படவில்லை; தம் பாட்டன் நட்ட அதே விருப்பாட்சி, நோய் நீங்கியதாகக் கொடுக்கப்பட்டது. சுவையும் சந்தையும் மாறாமல் கன்று மட்டும் மாறினால் குடியானவருக்கு அச்சம் குறைவு.

இரண்டாவது காரணத்தைத் தேனி ஜில்லாவின் கம்பம் பள்ளத்தாக்கில் காணலாம். அங்குத் திசு வளர்ப்பு முறையில் பெருக்கிய கிராண்ட் நைன் வாழை பெரும் பரப்பில் பயிராகிறது; பழம் வளைகுடா நாடுகளுக்கும் போகிறது. பக்கக்கன்றுகள் வயதிலும் பருமனிலும் ஒவ்வாதவை. ஆதலால் அவற்றை நட்ட தோட்டம் ஒரு மரம் இன்றும் ஒரு மரம் இரண்டு மாதங் கழித்துமாகக் குலை ஈனும். திசு வளர்ப்புக் கன்றுகளோ ஒரே வயதின. நீரும் எருவும் குறையாவிடில் பதினோரு பன்னிரண்டு மாதங்களில் ஏறத்தாழ ஒருங்கே வெட்டுக்கு வரும். ஒரு லாரி நிறையச் சரக்கு கிடைக்கும் தோட்டத்துக்கே வியாபாரி வருவார். பத்துத் தாருக்காக வருவதில்லை. அரை ஏக்கர் உடையவருக்கு இஃது இன்னும் முக்கியம்.

இனிச் செலவைப் பார்ப்போம். ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்கு 1,210 கன்றுகள் வேண்டும். கன்று ஒன்று 18 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மண்வெட்டி மண்ணிற் படுமுன்னரே 21,780 ரூபாய் கையைவிட்டுப் போகிறது. இத்தொகையைக் கடன்பட்டுக் கொடுப்பவர், கிணற்றில் கோடை முழுதும் நீர் நில்லாவிடில் எங்ஙனம் துணிவார்? மென்மையான இக்கன்றுகள் நட்ட முதல் மாதத்தில் ஒருமுறை நீர் தவறினும் வாடும். பக்கக்கன்றோ கிழங்கில் சேமித்த உணவைக்கொண்டு சில நாள் தாங்கும். 2005-06ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியத் தோட்டக்கலை இயக்கத்தின் கீழ் இக்கன்றுகளுக்கு மான்யம் வழங்கப்பட்டது. மான்யம் முதல் நடவுக்குத் துணிவளிக்கும். குடியானவர் மெய்யாகவே ஏற்றாரா என்பதை அறிய, மான்யமில்லாத இரண்டாம் நடவுக்கு அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கவேண்டும்.

காவிரிக் கரையில் பூவன் பயிரிடுவோர் தயங்குவதற்கும் நியாயம் உண்டு. பூவனின் மரபுக்கூற்றிலேயே இலைக்கீற்று வைரஸின் கூறு கலந்துள்ளது. திசு வளர்ப்பின்போது ஏற்படும் நெருக்கடியால் அது விழித்தெழுந்து நோயாவதும் உண்டு. ஆதலின் பூவனுக்கு, நோயற்ற தோட்டத்தில் நல்ல தாரீன்ற மரத்தின் ஈட்டி இலைக் கன்றை, ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையுள்ளதாகத் தேர்ந்து, வேரையும் அழுகலையும் சீவி நடுவதே இன்றும் தக்க முறையாகும். அகன்ற இலையுள்ள நீர்க்கன்றை எவ்வகை வாழையிலும் விலக்குக. இதற்குக் காசு செலவில்லை, கண்தான் வேண்டும்.

திசு வளர்ப்புக் கன்று வாங்குவோர் விற்பவரின் சொல்லை மட்டும் நம்பலாகாது. 1966ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின் கீழ் 2006ஆம் ஆண்டில் இத்தகைய கன்றுகளுக்குச் சான்றளிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. தாய்மரம் வைரஸ் சோதனைக்கு உட்பட்டதா என்று கேட்டு, சான்றுச் சீட்டையும் விலைச்சீட்டையும் பயிர் முடியும்வரை காத்துவைக்கவேண்டும். சோதனையிடாத தாயிலிருந்து பெருக்கினால் ஒரு நோய்க்கன்று ஆயிரமாகும். பக்கக்கன்றால் இத்தனை விரைவில் இக்கேடு விளையாது. நிழல்வலையில் பழக்கிய, ஐந்தாறு இலைகளும் ஏறத்தாழ ஓரடி உயரமும் உள்ள கன்றுகளையே ஏற்கவும். இலை திட்டுத்திட்டாக வெளுத்தவை, மிகக் குட்டையானவை ஆகியவற்றை வண்டியிலிருந்து இறக்கும்போதே ஒதுக்கிவிடுக. பனாமா வாடல் நோய் மண்ணில் உறைவது. சுத்தமான கன்றும் அம்மண்ணில் நோயுறும். அந்நோய் கண்ட நிலத்தில் அதற்கு ஆளாகும் ஜாதியைத் திரும்ப நடுதல் வீண்செலவு.

மலைத் தோட்டக்காரருக்கு இன்னும் ஒரு தொல்லை உண்டு. தன் தோட்டத்தில் சோதித்த கன்று நட்டவர், மேற்சரிவில் கைவிடப்பட்ட தோட்டத்தில் முடிக்கொத்து கண்ட வாழைகள் நிற்கும்வரை நிம்மதியாக இருக்க முடியாது. அங்கிருந்து அசுவினி இறங்கி வரும். தனியொருவர் வாங்கும் நல்ல கன்று இரண்டு மூன்று ஆண்டுகளில் கெட்டுப்போனால், பக்கத்துத் தோட்டத்தார் அதைப் பார்த்துக் கன்றின்மேல் பழிசுமத்துவர். பின் அவ்வூரில் எவரும் வாங்கார். ஆகையால் ஒரு சரிவிலுள்ளோர் யாவரும் கூடி, நடவுக்கு முன்னரே நோய்கண்ட தூறுகளைக் கிழங்கோடு தோண்டி அழித்துவிட்டு, ஒரே பருவத்தில் நடவேண்டும். நிலத்துக்குடையவர் வெளியூரிலிருந்தால் அவரிடம் அனுமதி பெற்றுத் தாமே அகற்றுதல் நலம். நட்டபின் மாதம் இருமுறை வரிசைதோறும் நடந்து பார்த்து, ஐயத்துக்கிடமான மரத்தில் முதலில் அசுவினியைக் கொன்று, அதன்பின்னரே மரத்தைத் தோண்டுக. மாற்றிச் செய்தால் அசுவினி அடுத்த மரத்துக்குப் போய்விடும்.