பிளாஸ்மா என்றாலே நெருப்பா?

நம்பிக்கை: பிளாஸ்மா சூரியனில் இருக்கும் சமாச்சாரம். சின்னக் குழிக்குள் அடைத்தால் குழியே உருகிவிடும்.

உண்மை: வீட்டு ட்யூப்லைட்டுக்குள் இருப்பதும் பிளாஸ்மாதான். அதில் எலக்ட்ரான்களின் வெப்பநிலை 10,000 டிகிரியைத் தாண்டும். வாயுவோ தொட்டுப் பார்க்கும் சூட்டில்தான் இருக்கும். எடை மிகக் குறைந்த எலக்ட்ரான் மோதி, கனத்த அணுவைச் சூடேற்றுவது கடினம். 1964-இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்த பிளாஸ்மா திரை, பின்னாளில் டிவியாக வீட்டுக்கே வந்தது. அதன் ஒவ்வொரு புள்ளியும் புற ஊதா உமிழும் ஒரு குட்டி விளக்கு. எந்த வரவேற்பறையும் எரிந்துபோகவில்லை.

நம்பிக்கை: காற்றை உறிஞ்சி எடுத்த பெரிய குழாயில்தான் பிளாஸ்மா எரியும்.

உண்மை: வாயுவில் மின்சாரம் பாயத் தேவையான வோல்ட், வாயுவின் அழுத்தத்தையும் மின்முனைகளின் இடைவெளியையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது. இயற்பியலாளர் பாஷன் இதை 1889-லேயே காட்டிவிட்டார். இடைவெளியை ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே குறுக்கினால், வளிமண்டல அழுத்தத்தையொட்டிய வாயுவிலும் பிளாஸ்மா எரியும். புற ஊதாவுக்கு இந்த அழுத்தம்தான் வரம். செனான் வாயுவின் அணுக்கள் சாதாரணமாக ஒன்றோடொன்று சேர்வதில்லை. எலக்ட்ரான் மோதிக் கிளர்ந்த அணு மட்டும் இன்னொரு செனானோடு ஜோடி சேரும். அப்போது மிஞ்சும் ஆற்றலை வாங்கிக்கொள்ள மூன்றாவது அணுவும் அருகில் வேண்டும். நெரிசலான வாயுவில்தான் இது நடக்கும். ஜோடி பிரியும்போது 172 நானோமீட்டர் ஒளி கிடைக்கிறது. இப்படி பிளாஸ்மா எரியும் நுண்குழிகளை வரிசையாக அடுக்கி, தட்டையான விளக்குகளே செய்கிறார்கள். பாதரசம் துளியும் தேவையில்லை.

நம்பிக்கை: நீலமாக எரிந்தால் புற ஊதா வருகிறது.

உண்மை: புற ஊதா கண்ணுக்குத் தெரியாது. வெறும் நீல எல்இடியும் நீலமாகத்தான் எரியும்!

நம்பிக்கை: கிருமி கொல்லும் 222 நானோமீட்டர் புற ஊதா விளக்கு மனிதருக்கு ஒன்றும் செய்யாது.

உண்மை: பாதி சரி. கிரிப்டான், குளோரின் கலவை தரும் இந்த ஒளியைப் புரதங்கள் பெருமளவு உறிஞ்சிவிடுவதால், தோலின் மேற்புறத்து இறந்த அடுக்கிலேயே அதில் பெரும்பகுதி நின்றுவிடுகிறது. பாதரச விளக்கின் 254 நானோமீட்டர் அதைவிட ஆழம் போகும். ஆனால் 222 விளக்கும் நீண்ட அலைநீளங்களைக் கொஞ்சம் கசியவிடும். அதைத் தடுக்க வடிகட்டி வேண்டும். அறைக் காற்றில் சிறிது ஓசோனும் உண்டாகும். தோலும் கண்ணும் ஏற்கத்தக்க அளவுக்கு வரம்பும் இருக்கிறது. வாங்குமுன் அலைநீளம் என்ன, வடிகட்டி உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.