ஒரு வாரத்தின் உண்மை விலை
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்)

ஆனி பிறந்தால் குற்றாலத்தில் சாரல் அடிக்கும். ஐந்தருவியிலும் பேரருவியிலும் கூட்டம் அலைமோதும். தென்காசி வட்டாரத்தாராகிய நாம் காலையில் பேருந்தேறிக் குளித்துவிட்டு மாலையில் வீடு திரும்புவோம். வெளியூரார் அறை எடுத்துத் தங்குவர். அந்த அறையை ஆண்டுக்கு ஒரு வாரம் என்று பல ஆண்டுகளுக்கு முன்பணம் கட்டி வாங்கும் முறைக்கு 'டைம்ஷேர்', அதாவது காலப்பங்கு என்று பெயர். 1960-களில் ஐரோப்பாவில் தோன்றிய இம்முறையை நம் நாட்டில் பரப்பியவற்றுள் சென்னையில் 1986-இல் தொடங்கிய ஸ்டெர்லிங் நிறுவனமும், 1996-இல் தொடங்கிய மகிந்திரா ஹாலிடேஸ் நிறுவனமும் குறிப்பிடத்தக்கவை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே வீட்டுக்கு வரும் அச்சடித்த தாள்களையெல்லாம் வாசித்துச் சொல்வது என் பொறுப்பு. வளைகுடாவில் பத்தாண்டு உழைத்துத் திரும்பிய என் சித்தப்பா, ஒரு காலப்பங்குத் திட்டத்தின் படிவத்தை என்னிடம் நீட்டி, "ஏல, நீதான படிச்சிருக்க, வாசிச்சுச் சொல்லு" என்றார். அதற்காக நான் போட்ட கணக்கே இக்கட்டுரை. தொகைகள் எளிமைக்காக நானே வைத்துக்கொண்டவை, வரிகளைச் சேர்க்கவில்லை.

உறுப்பினர் கட்டணம் 3,00,000 ரூபாய். காலம் 25 ஆண்டு. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 15,000 ரூபாய். வங்கி வட்டி 7 விழுக்காடு எனக் கொள்வோம்.

விற்பவர் போடும் கணக்கு எளியது. மூன்று இலட்சத்தை 25-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 12,000. அதை ஏழு இரவால் வகுத்தால் ஓர் இரவுக்கு 1,714 ரூபாய்தான். இதில் வட்டியும் இல்லை, பராமரிப்பும் இல்லை.

முதல் வழி: மொத்தமாகக் கட்டுதல். கையிலுள்ள பணத்துக்கு வட்டி உண்டு என்பதால், மூன்று இலட்சத்தை 25 ஆண்டுத் தவணையாகப் பரப்பினால் ஆண்டுக்கு 25,743 ரூபாய் வருகிறது. பராமரிப்பைச் சேர்த்தால் 40,743. ஓர் இரவுக்கு 5,820 ரூபாய்.

இரண்டாம் வழி: தவணை. முன்பணம் 60,000, மீதி 2,40,000-க்கு 15 விழுக்காடு வட்டியில் 48 மாதம், மாதம் சுமார் 6,680 ரூபாய். வட்டி மட்டுமே ஏறக்குறைய 80,600. ஓர் இரவுக்குச் சுமார் 6,300 ரூபாய் ஆகிறது.

மூன்றாம் வழி: பழைய உறுப்பினரிடம் வாங்குதல். 15 ஆண்டு மீதமுள்ள பங்கு, பெயர் மாற்றும் கட்டணம் உட்பட 1,35,000-க்குக் கிடைத்தால் ஓர் இரவுக்கு 4,260 ரூபாய். ஆனால் பெயர் மாற்றத்தை நிறுவனம் ஏற்குமா, பராமரிப்புப் பாக்கி உள்ளதா என்று எழுத்தில் உறுதி பெற வேண்டும்.

நான்காம் வழி: வாங்காமல் இருத்தல். மூன்று இலட்சத்தை வங்கியில் இட்டால் ஆண்டு வட்டி 21,000. கட்டாத பராமரிப்பு 15,000. இவ்விரண்டும் சேர்ந்த 36,000 ரூபாயில் ஏழு இரவுக்கு, இரவுக்கு 5,142 ரூபாய் வாடகையில் தங்கலாம். 25 ஆண்டு முடிவில் மூன்று இலட்சமும் அப்படியே கையில் இருக்கும்.

வாடகை ஆண்டுதோறும் ஏறாதா என்று கேட்கலாம். ஏறும். முன்பே கட்டிய தொகை ஏறாது என்பது காலப்பங்கின் உண்மையான நன்மை. ஆயினும் பராமரிப்புக் கட்டணமும் ஏறக்கூடியதே. தவிர, 25 வாரங்களில் 15-ஐ மட்டும் பயன்படுத்தினால் முதல் வழியின் இரவு விலை 5,820-லிருந்து 9,700 ஆகிவிடும். உயர்ந்த வாடகை அறையில் ஆண்டு தவறாமல் ஏழு இரவு தங்கும் வழக்கமுடையோருக்கே இத்திட்டம் பொருந்தும்.

குற்றாலம் இதற்கு நல்ல பாடம். தென்மேற்குப் பருவக்காற்று வந்தால் அருவி விழும். சில ஆண்டு சாரல் பிந்தும். சில நாள் வெள்ளம் மிகுந்து குளிக்கத் தடை விதிப்பர். மழைக்கு நாள் குறிக்க முடியாதபோது, பல மாதம் முன்பே பதிவு செய்யும் வாரம் சாரலில்தான் அமையும் என்பதற்கு உறுதியில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. "தங்காவிட்டால் பணத்தை இலாபத்துடன் திருப்பித் தருவோம்" என்று யாரேனும் சொன்னால், அது விடுமுறைத் திட்டம் அன்று, முதலீட்டுத் திட்டம். அதற்குச் செபியில் பதிவு வேண்டும். அவ்வாறு பதிவின்றிப் பணம் திரட்டியதாக ராயல் ட்விங்கிள் ஸ்டார் கிளப், சிட்ரஸ் செக் இன்ஸ் ஆகிய நிறுவனங்களின் மீது 2015-இல் செபி ஆணை பிறப்பித்தது.

இக்கணக்கை எழுதிக் காட்டியபின் சித்தப்பா படிவத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தப் பணம் அவர் மகளின் செவிலியர் படிப்புக்காக அஞ்சலக வைப்பில் இருக்கிறது.

தோழர்களே! நம்மில் பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். நாம் கற்ற கூட்டு வட்டி தேர்வுத்தாளோடு முடிந்துவிடக் கூடாது. நம் வீட்டார் கையெழுத்திடுமுன் மூன்று கேள்விகளை நாம் கேட்டாக வேண்டும்: ஆண்டுதோறும் இன்னும் எவ்வளவு கட்ட வேண்டும்? இப்பணம் வங்கியில் இருந்தால் என்ன தரும்? வேண்டாமென்றால் எப்படி விலகுவது? இம்மூன்றுக்கும் எழுத்தில் விடை கிடைக்கும்வரை பேனாவை மூடியே வைத்திருப்போம்.