கட்டபொம்மனுக்குப் போட்டோ கிடையாது

எட்டாம் வகுப்பில் பாளையக்காரர் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடம் வருவதற்கு முன்பே பிள்ளைகள் கட்டபொம்மனையும் வேலு நாச்சியாரையும் ரீல்ஸில் பார்த்துவிடுகிறார்கள். செல்போனைத் திட்டிப் பயனில்லை. அதில் வருவதை எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தரக் கம்ப்யூட்டர் வகுப்பைவிட வரலாற்று வகுப்பே நல்ல இடம் என்று உறுதியாக நம்புகிறேன். யார் சொன்னது, எப்போது சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுப் பழகுவதுதானே வரலாறு?

செய்ய வேண்டியவை

படம் வந்தால் முதலில் ஆண்டைக் கேளுங்கள். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபரில். பிரான்ஸில் டாகுவேரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். நடுவில் நாற்பது ஆண்டுகள். ஆகவே, ‘கட்டபொம்மனின் ஒரிஜினல் போட்டோ’ என்று எது சுற்றினாலும் அது ஓவியமாகவோ சினிமா ஸ்டில்லாகவோ ஏஐ செய்ததாகவோதான் இருக்க முடியும். வேலு நாச்சியார் இறந்தது 1796இல். 2008இல் வெளிவந்த தபால்தலையில் இருப்பதும் ஓவியர் மனத்தில் கண்ட முகம்தான். இதையெல்லாம் நீங்களே சொல்லிவிட வேண்டாம். 1799, 1839 என்ற இரண்டு ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதிவிட்டுக் காத்திருங்கள். கடைசி பெஞ்சிலிருந்துகூடப் பதில் வரும்.

சினிமாவைச் சினிமாவாகக் காட்டுங்கள். ஜாக்சன் துரை முன் கட்டபொம்மன் முழங்கும் காட்சி 1959இல் வந்த படத்திலிருந்து நம்மில் பலருக்கு வரலாறாகவே தங்கிவிட்டது. வகுப்பில் தாராளமாகப் போடலாம். போட்ட கையோடு பாடநூலைத் திறந்து, 1798இல் ராமநாதபுரத்தில் அவ்விருவருக்கும் நடந்த சந்திப்பைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் இருப்பது எது, படத்தில் மட்டும் இருப்பது எது என்று நோட்டில் கோடு கிழித்துப் பிரித்து எழுதட்டும். சிவாஜி கணேசனின் நடிப்புக்கு இதனால் ஒரு குறையும் வராது.

திருச்சி அறிக்கைக்கு ஒரு முழு பீரியட் ஒதுக்குங்கள். 1801 ஜூனில் சின்ன மருது வெளியிட்ட இந்த அறிக்கை, திருச்சிக் கோட்டையில் நவாப் அரண்மனை வாயிலிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. கம்பெனியை எதிர்த்து எல்லாச் சாதியாரையும் முஸ்லிம்களையும் ஒன்றாக அழைத்தது. பார்த்தவர்கள் பிரதி எடுத்துப் பரப்ப வேண்டும் என்றது. சுவரிலிருந்து கிழிப்பவனைப் பெரும்பாவி என்றது. ‘பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை இதன் பக்கத்தில் எழுதிப் போட்டு, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். ஒன்றில் எழுதியவர் யார் என்பது தெரியும். அதற்காக அவர் உயிரையும் கொடுத்தார். அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். மற்றதை எழுதியவர் யார்? எங்கே இருக்கிறார்? அனுப்பினால் அவருக்கு என்ன லாபம்? பிள்ளைகளை இங்கே நன்றாகப் பேச விடுங்கள். ஃபார்வர்ட் பற்றி நாம் செய்யும் பத்து உபதேசத்தைவிட இந்த ஒரு பீரியட் அதிகம் கற்றுத்தரும்.

ஏஐயிடம் கேட்பதானால் வகுப்பிலேயே, உங்கள் கருவியில், எல்லோரும் பார்க்கக் கேளுங்கள். அது தரும் ஒவ்வொரு தேதிக்கும் எதிரே பாடநூலின் பக்க எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள். பக்க எண் கிடைக்காத தேதி நோட்டில் ஏறக் கூடாது.

பழைய புத்தகம் இருக்கும் இடத்தையும் காட்டிக் கொடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இலவசம். மருதுக்களை எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பும் இணையத்தில் கிடைக்கிறது. தனக்கு வளரி வீசக் கற்றுத்தந்தவர் சின்ன மருது என்று அந்த எதிரிப் படை அதிகாரியே எழுதியிருக்கிறார். போர் முடிந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து வந்த புத்தகம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

செய்யக்கூடாதவை

‘நெட்டில் பார்த்து எழுதி, படம் ஒட்டி வா’ என்று அனுப்பாதீர்கள். பிள்ளை நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போகும், கடைக்காரர் முதலில் வரும் படத்தைப் பிரின்ட் போட்டுத் தருவார், அவ்வளவுதான். பல வீடுகளில் இருப்பது ஒரே போன். அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும்.

பிள்ளைகள் பெயரில் எந்த ஆப்பிலும் கணக்குத் தொடங்கச் சொல்லாதீர்கள். ஆறு முதல் எட்டு வரை படிப்பவர்களில் பெரும்பாலோருக்குப் பதின்மூன்று வயதுகூட நிரம்பியிருக்காது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவர்களின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமின்றிக் கையாளக் கூடாது என்கிறது. வகுப்பில் எடுத்த படத்தை உங்கள் ஸ்டேட்டஸில் போடும் முன்பும் அதே சம்மதத்தைக் கேளுங்கள்.

வேலு நாச்சியார் பேசுவதுபோல ஏஐயைப் பேசவிட்டு, அதைச் சான்றாக எடுக்காதீர்கள். நாடகமாகப் போடலாம். அப்படியென்றால் வசனத்தைப் பிள்ளைகளே எழுதட்டும்.

பொய்யான ஃபார்வர்டைக் கொண்டு வந்த பிள்ளையை எழுப்பி நிறுத்திக் கேலி செய்யாதீர்கள். அதை அனுப்பியவர் பெரும்பாலும் மாமாவோ சித்தப்பாவோதான். அவமானப்பட்ட பிள்ளை அடுத்த முறை உங்களிடம் காட்டாது, நண்பர்களுக்கு மட்டும் அனுப்பும்.

பாளையக்காரர்களைச் சாதிப் பெருமைக்கு இழுக்கும் ரீல்ஸைக் கண்டும் காணாமல் விடாதீர்கள். தென்மாவட்டப் பள்ளிகளில் இது விளையாட்டல்ல. ஒரு ஸ்டேட்டஸ் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அடிதடியாக முடியும். ‘இவர் எங்க ஆளு’ என்று ஒரு பையன் சொன்னால், திருச்சி அறிக்கை யாரையெல்லாம் அழைத்தது என்று அவனையே வகுப்புக்கு வாசிக்கச் சொல்லுங்கள். இப்படி ஒரு பதிவால் யாராவது மிரட்டப்பட்டால் சமாதானம் பேசி மூடி வைக்க வேண்டாம். திரையைப் படம் பிடித்து வைத்து, தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் அன்றே சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098ஐக் கரும்பலகை ஓரத்தில் அழியாமல் எழுதி வையுங்கள்.